நின்றபடி சுருண்ட பாய்

விடிந்தும் எழுந்திருக்காத பிள்ளையைப் பார்த்து எங்கள் பக்கத்து அம்மாக்கள் ‘எந்திரில’ என்று சொல்வது குறைவு. ‘பாயைச் சுருட்டுல’ என்பார்கள். பாய் சுருண்டு மூலையில் சாய்ந்தால்தான் அந்த வீட்டில் பொழுது விடிந்ததாகக் கணக்கு. எங்கள் தாமிரபரணி கிழக்கே ஓடிப் புன்னைக்காயலில் கடலைத் தொடும் இடத்தில், வள்ளத்தின் மேல் காற்றுக்கு விரிக்கும் துணிக்கும் பாய் என்றுதான் பெயர். படுப்பதற்கும் பாய், போவதற்கும் பாய். இது வெறும் சொல் ஒற்றுமை இல்லை. துணிப்பாய் வருவதற்கு முன்பு பல கடற்கரைகளில் உண்மையிலேயே முடைந்த பாயைத்தான் மரத்தில் ஏற்றினார்கள். தூத்துக்குடித் தோணிகள் இன்றும் சரக்குக் கொண்டுபோகிற மாலத்தீவில், பழைய படகுகளுக்குத் தென்னோலை முடைந்த பாய்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. படுக்கும் பாயைச் சுருட்டினோம், கடல் பாயை இறக்கினோம். கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் பாயைப் பருமல் மரத்தோடு சேர்த்துச் சுற்றி, தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். அதுவும் சுருட்டல்தான், ஆனால் இறக்கிய பிறகு, மணலில் நின்று. காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, பாய் நின்ற நிலையிலேயே, படகின் பின்னால் உட்கார்ந்தபடி ஒரு கயிற்றை இழுத்து அதைத் தன்னைச் சுற்றியே சுருளவைக்க முடியும் என்று நம் கரையில் யாரும் மெனக்கெடவில்லை. மெனக்கெட அவசியம் இல்லாமல் இருந்தது என்பதே சரி.

இந்த யோசனை எனக்கு வந்ததற்குக் காரணம் நண்பர் ஒருவரின் மகன். வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு வந்தவன், 28 அடி நீளத்தில் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கும் ஆசையில் இருக்கிறான். முன்பாயைச் சுருட்டும் கருவி எதை வாங்கலாம் என்று கேட்டான். சந்தையில் செல்டேன், ஹார்கன், ப்ரோஃபர்ல் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. விலைப்பட்டியலைப் பார்த்தால் தலைதான் சுற்றும். அதை மூடிவைத்துவிட்டு, இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று பார் என்றேன். எதற்காகப் பிறந்தது, எங்கெங்கே தடுமாறியது என்று தெரிந்தால், எதை வாங்க வேண்டும் என்பது பாதிக்குமேல் தெரிந்துவிடும்.

முதலில் தொல்லை என்ன என்று பார்க்கலாம். படகின் மூக்கிலிருந்து பாய்மரத்தின் உச்சிவரை ஒரு கம்பி சரிவாகப் போகும். முன்பாயின் முன் விளிம்பு அந்தக் கம்பியில் கொக்கிகளால் மாட்டப்பட்டிருக்கும். ஆஞ்சான் கயிற்றை இழுத்தால் பாய் ஏறும், விட்டால் இறங்கும். இளங்காற்றில் இது சுகமான வேலை. கச்சான் காற்று எழும்பினால் கதை வேறு. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. பாயைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்க ஒருவர் மூக்குக்குப் போக வேண்டும். படகிலேயே அதிகம் தூக்கிப் போடும் இடமும் அலை முதலில் ஏறும் இடமும் அந்த மூக்குதான். அடித்துத் துடிக்கும் ஈரப் பாயை மார்போடு அணைத்துக் கீழே அமுக்க வேண்டும். பெரிய கப்பல்களில் முன்னால் நீண்டிருக்கும் மரத்தின் மேல் ஏறி இதைச் செய்யப்போய்க் கடலில் விழுந்தவர்கள் ஏராளம். புறநானூற்றின் 30ஆம் பாட்டில், மேலே கட்டிய பாயைக் களையாமலே ஆற்றுமுகத்துக்குள் வரும் பெரிய கப்பல் ஒன்று வருகிறது. துறைமுகத்தின் ஆழத்துக்கான புகழ்ச்சி அது. எனக்கென்னவோ, பாயைக் கழற்றும் வேலையைத் தெரிந்த ஒருவர்தான் அந்தக் காட்சியைக் கவனித்திருப்பார் என்று தோன்றும்.

சுருட்டும் எண்ணம் கடலில் பிறக்கவில்லை. அது பிறந்தது மாவு அரைக்கும் காற்றாலையில். இங்கிலாந்தில் 1789இல் ஸ்டீபன் ஹூப்பர் என்பவர், காற்றாலையின் நான்கு கைகளிலும் விரிக்கும் துணிகளைச் சிறு சிறு சுருள்களாக மாற்றினார். அதற்குமுன் காற்று கூடினால் ஆலையை நிறுத்தி, ஒவ்வொரு கையையும் கீழே கொண்டுவந்து துணியை மடிக்க வேண்டியிருந்தது. அவருடைய ஏற்பாட்டில் எல்லாத் துணிகளையும் ஒரே சமயத்தில் சுருட்டலாம், விரிக்கலாம். அறுபது வருஷம் கழித்து, 1850இல் கன்னிங்ஹாம் என்பவர் அதைக் கப்பலுக்குக் கொண்டுவந்தார். பாயைத் தாங்கும் குறுக்குமரமே உருளும்படி சங்கிலியில் தொங்கவிட்டார். மரத்தை இறக்க இறக்க அது தானே உருண்டு பாயைச் சுற்றிக்கொள்ளும். மாலுமிகளை உச்சிக்கு ஏற்றாமல் தளத்தில் நின்றே மேல்பாயைக் குறைக்கலாம். ஆள் குறைவு, ஆபத்தும் குறைவு. சரக்குக் கப்பல் முதலாளிகளுக்கு இந்த இரண்டில் எது முதலில் பிடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அது படுக்கையாகக் கிடக்கும் மரத்தில் சுருளும் பாய். சரிவாக நிற்கும் முக்கோண முன்பாய்க்கு அது உதவவில்லை. அதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் மேஜர் டு பூலே. ஜன்னல் திரை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இழுத்துவிட்டால் நிற்கும், சுண்டிவிட்டால் சரசரவென்று சுருளும் வகை. உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். அவர் முன்பாய்க்கும் அப்படியொரு சுருள்வில்லை வைத்தார். நல்ல யோசனை, ஆனால் வில்லுக்குக் காற்றோடு மல்லுக்கட்டும் அளவு வலு ஏது? இன்னொருவர், வைக்கம் மார்ட்டின், வில்லைத் தூக்கி எறிந்துவிட்டுக் கயிற்றை வைத்தார். 1907இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். (வைக்கம் என்றதும் கேரளத்துக்கு ஓட வேண்டாம், அது ஆங்கிலேயக் குடும்பப் பெயர்.) அடியில் கயிறு சுற்றும் ஓர் உருளை. மேலே தடையில்லாமல் சுழலும் ஒரு மூட்டு. நடுவே பாயின் முன் விளிம்பில் தைத்த கம்பி. அவ்வளவுதான். சுருள் முன்பாயின் பிறந்த வருஷத்தை ஒன்றே ஒன்றாகச் சொல்லச் சொன்னால் நான் 1907 என்பேன்.

அந்த வருஷம் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று தூத்துக்குடிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். முந்திய வருஷம் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு 1907இல்தான் காலியா, லாவோ என்ற நீராவிக் கப்பல்கள் வந்தன. கரையில் மாலையும் மேளமும். கொழும்புப் பாதையில் யாருடைய புகைக்கூண்டு ஓடும் என்பது தேசத்தின் மானப் பிரச்சினையாக இருந்த நேரம். அதாவது தொழில் செய்கிற கடல் நீராவிக்கு மாறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் பாய், தொழிலை விட்டுப் பொழுதுபோக்காகிக்கொண்டிருந்தது. சொந்தப் படகு வைத்திருக்கும் வசதி இருந்தும், சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாத அல்லது வைக்க விரும்பாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கடலில் போவார். அவர் மூக்குக்கு ஓடினால் சுக்கானை யார் பிடிப்பது? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது இது. காற்று எங்கும் ஒன்றுதான், ஆள்தான் குறைவு.

தோணியில் அந்தக் கேள்வி எழவே இல்லை. தோணியை நடத்தும் தண்டல் பின்னால் நின்று குரல் கொடுத்தால் முன்னால் ஓட ஆள் இருந்தது. வெங்காயமும் பருப்பும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணிகளில் பாயைக் குறைப்பது கருவியின் வேலை இல்லை, பிள்ளைகளின் வேலை. அந்தப் பிழைப்பின் முழு வாழ்க்கையையும் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவல் இருக்கிறது. 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கடலின் அக்கரையில் வல்வெட்டித்துறையிலும் இதே கதைதான். 1930இல் அங்கே கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் அதை 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைவரை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். கைகளின் பலத்தில் முடிந்த பயணம் அது. அதற்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள்: 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பிய தாரிணி, இந்தியக் கடற்படையின் 56 அடிப் படகு. அதில் இருந்தவர்கள் இரண்டே பேர். கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. பழைய தோணிக் கணக்குப்படி அந்த நீளத்துக்கு இரண்டு பேர் என்றால் தண்டல்மார் சிரித்திருப்பார்கள்.

இனிக் கருவிக்கு வருவோம். அதில் சுருள்வதை விடச் சுருளாமல் நிற்பதுதான் சூட்சுமம்.

உருளை சாதாரணம். பம்பரத்தில் சாட்டையைச் சுற்றத் தெரிந்தவனுக்கு அது புரியும். பாயைத் தாமான் கயிற்றால் இழுத்து விரிக்கும்போது, உருளை சுழன்று தன் கயிற்றைத் தானே சுற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் உருளை எதிர்ப்பக்கம் சுழலும், பாய் சுருளும். கிணற்று ராட்டினத்தில் ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறுவது போல. சிக்கல் உச்சியில் இருக்கிறது. பாய் சுழல வேண்டும், பாயைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஆஞ்சான் சுழலக் கூடாது. சுழன்றால் அது கம்பியைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டால் பாய் சுருளவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. ஆகவே மேல் மூட்டில் கீழ்ப்பாதி சுழல வேண்டும், மேல்பாதி அசையாமல் நிற்க வேண்டும். இன்றைக்கும் இந்தக் கருவியில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் பலரும், ஆஞ்சான் முன்கம்பிக்கு ஒட்டினாற்போல் போகக் கூடாது, பின்னுக்குச் சாய்ந்து எட்டு முதல் பத்து டிகிரி கோணத்தில் பிரிய வேண்டும் என்று எழுதுகிறார்கள். கோணம் கிடைக்காவிட்டால் மரத்தில் கூடுதலாக ஒரு வளையம் பொருத்திக் கயிற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். என்ன கருவி வாங்கினாலும், படகின் உச்சியைப் பார்க்காமல் வாங்கினால் பணம் போச்சு என்று அந்தப் பையனிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

வைக்கம் மார்ட்டின் கருவிக்கு இன்னொரு குறை இருந்தது. முழுவதும் விரிக்கலாம், முழுவதும் சுருட்டலாம், பாதியில் நிறுத்த முடியாது. ஈரத் துணியை ஒரு முனையில் பிடித்து முறுக்கினால் மறுமுனை தாமதமாகத்தான் திரும்பும் அல்லவா? கம்பியும் அப்படித்தான். அடியில் உருளை ஐந்து சுற்றுச் சுற்றியிருக்கும், மேலே மூன்றுதான் வந்திருக்கும். பாய் சீராகச் சுருளாது. அரைப் பாயில் ஓட வேண்டிய காற்றில்தான் இது உயிரை வாங்கும்.

இதைத் தீர்த்தது அலுமினியம். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில், முன்கம்பியை உள்ளே விட்டு மூடிய நீண்ட அலுமினியக் குழல் வந்தது. குழலின் நெடுகே ஒரு தவாளிப்பு, அதில் பாயின் விளிம்பைச் செருகி மேலேற்ற வேண்டும். கொக்கிகளுக்கு வேலை போய்விட்டது. கம்பியைப் போலக் குழல் முறுக்கிக்கொள்ளாது, அடி சுழன்றால் உச்சியும் கூடவே சுழலும். பாதியில் நிறுத்தலாம். பாய் முழுதாக இருக்கலாம், முக்காலாக, அரையாக இருக்கலாம். ஒரே பாய் பல பாய்களின் வேலையைச் செய்யத் தொடங்கியது.

அதோடு, சுழற்சியைச் சுலபமாக்கும் குண்டுகள். அமெரிக்காவின் பிவாக்கி என்ற ஊரில் ஹார்கன் சகோதரர்கள் 1967இல் தொடங்கிய தொழிலுக்கு அடிப்படை, படகுக் கப்பிகளில் எஃகு குண்டுகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குண்டுகளை வைத்ததுதான். எடை குறைவு, துருப்பிடிக்காது, எண்ணெயும் கேட்காது. பிறகு சுருள் கருவிகளுக்குள்ளும் அந்தக் குண்டுகள் போயின. பிரான்சின் ப்ரோஃபர்ல் வேறு வழியில் போனது. எஃகு குண்டுகளைக் கிரீஸில் வைத்து, தண்ணீர் புகாதபடி மூடி அடைத்துவிட்டார்கள். திறந்ததா மூடியதா என்ற சண்டை பாய்ப்படகுக்காரர்களிடையே இன்னும் ஓயவில்லை. தூத்துக்குடியில் நிறுத்துகிற படகுக்கு என்றால் எனக்கு ஒரு கட்சி உண்டு. சுற்றிலும் உப்பளம். காற்றிலேயே உப்புத் தூள் பறக்கிற ஊர். திறந்த குண்டுகளை நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடலாம். மாதம் இரண்டு முறை குடத்தோடு மூக்குக்குப் போகச் சோம்பல் இல்லையென்றால் திறந்ததே நல்லது. சோம்பல் உண்டு என்று மனசாட்சி சொன்னால் மூடியதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது பழுதானால் நாமே கழற்றி நோண்ட முடியாது. பழைய கருவி என்றால் அலுமினியமும் எஃகுத் திருகாணியும் தொடும் இடங்களைப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் இந்த இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் தடுப்புப் பசை பூசாமல் மாட்டிய திருகாணியைப் பத்து வருஷம் கழித்து எந்த மெக்கானிக்காலும் கழற்ற முடியாது.

இனி ஒரு பத்தமடைச் சமாச்சாரம். தாமிரபரணிக் கோரையை ஊறவைத்து, கிழித்து, மெல்லிதாக்கி நெய்யும் அந்தப் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் நூல் நெடுக ஓடும், கோரை குறுக்கே ஓடும். அதனால் பாயை நீளவாக்கில்தான் சுருட்ட வேண்டும். அப்படிச் சுருட்டினால் ஒவ்வொரு கோரையும் சுருளின் அச்சுக்கு இணையாக, வளையாமல் கிடக்கும். அகலவாக்கில் சுருட்டிப் பாருங்கள், கோரை முறியும், பாட்டி திட்டுவாள். கடல் பாயிலும் இதே சட்டம்தான். பாய் விறைப்பாக நிற்பதற்காக உள்ளே செருகும் சட்டங்கள் வழக்கமாகக் குறுக்கே இருக்கும். சுருளும் பாயில் அவற்றை வைத்தால் முறியும். வைத்தே ஆக வேண்டும் என்றால் முன்கம்பிக்கு இணையாக, நெடுக்காகத்தான் வைக்க வேண்டும். பத்தமடைப் பெண்களிடம் கேட்டிருந்தால் இதைச் சும்மாவே சொல்லியிருப்பார்கள்.

கனத்த கரை வைத்த பாயைச் சுருட்டினால் என்ன ஆகும்? ஓரங்கள் தடித்துச் சுருளும், நடு தொளதொளவென்று நிற்கும். முன்பாயின் மேல் மூலையும் கீழ் மூலையும் வலுவுக்காகப் பல அடுக்குத் துணி வைத்துத் தைக்கப்பட்டவை. நடுவில் வேறு, காற்றைப் பிடிப்பதற்காக வெட்டிலேயே ஒரு வயிறு வைத்திருப்பார்கள். பாதி சுருட்டும்போது அந்த வயிறு குறைய வேண்டும். ஆனால் பெருத்துவிடும். பெருத்த காற்றில் பெருத்த வயிறு படகைச் சாய்க்குமே தவிர முன்னால் தள்ளாது. இதற்கு வைத்தியம், முன் விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு பஞ்சுப் பட்டை. நடுவில் தடிமன், மேலும் கீழும் மெலிவு. சுருளும்போது நடுப்பகுதி கூடுதல் துணியை இழுத்துக்கொள்ளும். கருவிக்கு ஆயிரம் விசாரிப்பவர்கள் இந்தப் பட்டையை விசாரிப்பதில்லை. என் கணக்கில், கருவியில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது பாய் தைப்பவரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டிவிட்டு நன்றாக ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் கழுத்தை அறுப்பவை. உருளைக்கு வரும் கயிறு கடைசி வளையத்திலிருந்து செங்கோணத்தில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பக்கம் குவிந்து சிக்கும். பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும், அதற்குச் சுற்றுகள் கூடுதலாக வேண்டும், ஆகவே உருளையில் எப்போதும் சில சுற்றுக் கயிறு உபரியாக இருக்கட்டும். இழுத்து வரவில்லை என்றால் விஞ்சில் மாட்டி முறுக்கக் கூடாது. ஏன் வரவில்லை என்று மேலே பார்க்க வேண்டும், பெரும்பாலும் ஆஞ்சான்தான் சுற்றியிருக்கும். சுருட்டிய பாயின் வெளிப்புறம் நாள் முழுக்க வெயில் காயும் என்பதால் ஓரத்தில் தடித்த துணிப்பட்டை தைத்திருக்க வேண்டும், சித்திரை வெயிலில் துணிக்கு முன்பே தையல் நூல் இற்றுப்போகும். புயல் சின்னம் என்று வானொலி சொன்னால் சுருட்டிவைத்த பாயை நம்பக் கூடாது, கழற்றிக் கீழே வைத்துவிட வேண்டும். சுருள் ஓரிடத்தில் பிரிந்தால் போதும், மிச்சத்தைக் காற்றே விரித்துவிடும். குழலுக்குள் ஒளிந்திருக்கும் முன்கம்பி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இந்தக் கருவியின் பெரிய பலவீனம். சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து அதன் முனைகளைப் பார்த்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட பிறகு பையன், கொக்கி போட்ட பழைய முன்பாயே போதுமா என்றான். நண்பர்கள் நாலு பேர் எப்போதும் கூட வருவார்கள் என்றால் போதும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சுருள் கருவியின் விலைப்பட்டியலை மறுபடி கையில் எடுத்தான்.

காற்றாலையில் பிறந்த எண்ணம் நம் பக்கத்தில் திரும்பவும் காற்றாலைக்கே வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் 1986இல் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று எழுந்தது. ஒவ்வொரு காற்றாலையும் 55 கிலோவாட். அதே வருஷம்தான் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் ஆனது. தோணிகளில் டீசல் எஞ்சின் ஏறிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். கடலில் பாய் இறங்க, கரையில் இறக்கை ஏறியது. இன்று செங்கோட்டைக் கணவாயில் நுழைந்து கயத்தாறு பக்கம் வீசும் கச்சானில் சுழலும் பெரிய காற்றாலைகளும், காற்று மிஞ்சினால் இறக்கையைத் திருப்பி அதை வழியவிடுகின்றன. ஹூப்பருக்கு இருந்த அதே கவலை.

தோணிகளில் மரம் மட்டும் நிற்கிறது. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் நேரம் போய்ப் பாருங்கள். அந்த மரத்தில் கட்டிய கயிற்றில் வெங்காய மூட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.